கிராணி சாமியின் வியாழக்கிழமைகள்

தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணிப் பெரட்டில் ஆஜரானவர்கள்:

நல்லம்மாள், வயது அறுபத்தொன்று. 2019 அக்டோபர் 22-ஆம் தேதி குவாரியில் வெடிவைத்தபோது பறந்து வந்த கல் இடது கண்ணில் அடித்தது. கண் இல்லை.

பிச்சைமுத்து, வயது ஐம்பது. 2020 ஜனவரி 14-ஆம் தேதி குவாரி லோரி அவர் மோட்டார் சைக்கிளை இடித்தது. வலது கால் ஓர் அங்குலம் குட்டை.

முத்தம்மா. குவாரி வெடியால் வீட்டுச் சுவரில் விரிசல். விரிசலைவிட வாய் பெரியது.

தினேஸ்வரி, வயது முப்பத்தெட்டு. கணவன் குவாரி லோரிக்கு அடியில் போனான். கேஸ் முடிந்துவிட்டது. ஆனாலும் வந்திருக்கிறாள்.

நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கால்களும் ஒரே நீளம்.

பாகான் செராயிலிருந்து ஒரு வேன், தைப்பிங்கிலிருந்து இரண்டு, தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு பஸ். எல்லாம் சேர்த்து நூற்றிருபது பேர், நூற்றிருபது எலுமிச்சம்பழம், தீபாவளி முறுக்கு எட்டு வாளி.

அப்பாவு கிராணி. 1961-இல் இறந்தவர். இருந்தாலும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்.

பேராக்கில் சாமிகளுக்குப் பஞ்சம் கிடையாது. பிள்ளை வரத்துக்கு ஒரு சாமி, நாலு நம்பர் லாட்டரிக்கு ஒரு சாமி, ஓடிப்போன மருமகளைத் திருப்பிக் கொண்டுவர ஒரு சாமி. ஆனால் நஷ்டஈட்டு வழக்குக்கென்று தனியாக ஒரு சாமி இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க, ஈப்போவுக்குத் தெற்கே, செத்துப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் பெரட்டுக் கொட்டகையில், யுகேந்திரன் என்பவர் மீது அப்பாவு கிராணி இறங்கினார்.

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. விடியுமுன் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் புத்தகத்தில் ஆள் பதிவு போடுகிறவர். அதற்குப் பெயர்தான் பெரட்டு. அப்பாவு கிராணி பெரட்டு மேசையிலேயே மாரடைப்பில் தலை சாய்ந்தவராம். எனவே அவர் ஆவிக்கு மேசை நாற்காலி வேண்டும். மைப் பேனா வேண்டும். காக்கித் தொப்பி வேண்டும். மற்ற ஆவிகள் சாராயம், சுருட்டு கேட்கும். இது ஸ்டேஷனரி கேட்டது.

முறை இதுதான். கொட்டகையில் தொங்கும் தண்டவாளத் துண்டை யுகேந்திரன் மூன்று தட்டுத் தட்டுவார். உடம்பு உதறும். தொப்பி ஏறும். பிறகு மேசையில் வைத்த காகிதங்களிலிருந்து ஒவ்வொரு பெயராக வரும். கூப்பிட்டவர் "ஐயா" என்று முன்னே போக வேண்டும். உனக்குக் கெடுதல் செய்தது யார், என்றைக்கு, என்ன சேதம், மூன்றையும் சொல்ல வேண்டும். செக்ரோலில் எழுதிக்கொள்வார். கண்ணை மூடுவார். வழக்குப் போட வேண்டிய நாளும் மணியும் கிரகம் பார்த்து வரும். அதற்கு ஒரு நாள் முன்னால் போட்டாலும் கேஸ் கருகிவிடும்.

இதை நம்புவதற்கு ஒரு மனிதன் எவ்வளவு முட்டாளாக இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அவ்வளவெல்லாம் தேவையில்லை. பெயரைக் கூப்பிட்டால் "ஐயா" என்று போய் நிற்பது நமக்கு மூன்று தலைமுறைப் பழக்கம். தோட்டத்தை விற்றார்கள். லயத்தை இடித்தார்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அந்த "ஐயா"வை மட்டும் யாரும் வெட்டவில்லை.

தவிர, சாமி காசு வாங்குவதில்லை. ஒரு எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். "பெர்சுமா லா, காசே வேணாங்கறாரு" என்று முத்தம்மா தைப்பிங் வரைக்கும் போன் போட்டுப் பரப்பினாள். சாமி இலவசம் என்றால், அவருடைய ஹைலக்ஸ் வண்டிக்கு எண்ணெய் ஊற்றுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழச் சாற்றில் ஓடுகிறது என்று நினைத்திருக்கலாம்.

சட்டம் ஒன்றும் மாயமில்லை. ஒருவன் செய்யக்கூடாததைச் செய்து உன் உடம்பையோ உடைமையையோ கெடுத்தால், கோர்ட்டுக்குப் போய் ஈடு கேட்கலாம். பட்ட வலிக்கு, ஆன வைத்தியத்துக்கு, போன வேலைக்கு. நல்லம்மாள் பள்ளி வேன் ஓட்டியவள். ஒற்றைக் கண்ணுக்கு அந்த லைசென்ஸ் தர மாட்டார்கள். வேன் வாசலிலேயே நின்றுவிட்டது. ஆறு வருடமாக அதற்கு ரோட்டெக்ஸ் வரி மட்டும் தவறாமல் கட்டுகிறாள். உள்ளே பின்சீட்டில் கோழி முட்டையிடுகிறது. கோர்ட்டில் இதையெல்லாம் சொல்லலாம். கோழியை விட்டுவிட்டுச் சொல்லலாம். ஒன்றே ஒன்று முக்கியம். நேரத்தோடு போக வேண்டும்.

தினேஸ்வரியும் நானும் ஒரே பிஸ்கட் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். நான் படிப்பைப் பாதியில் விட்டு மாவு மூட்டை தூக்குகிறவன். அவள் பொட்டலத்தில் காலாவதித் தேதி அடிக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்கிறவள். ஷிப்ட் முடிந்து காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவள் கதையைச் சொன்னாள்.

அவள் கணவன் இறந்தது 2022 ஜூன் 4. கிராணி சாமி கொடுத்த நாள் 2025 ஜூன் 12, வியாழன், மத்தியானம் இரண்டு மணி. சொன்னபடியே போனாள். ஈப்போவில் அனுஜா என்ற லோயர். ஃபைலைத் திறந்தவர் முதல் தாளிலேயே மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாராம்.

"எட்டு நாள் லேட்டுன்னாங்க. உயிர் போனா, குடும்பத்துக்கு ஈடு கேக்க மூணு வருசம். கண்ணு, காலு, செவுருன்னா ஆறு வருசம். தாண்டிட்டா கம்பெனி லோயரு ஒரே ஒரு வரி எழுதுவாராம். கேஸு காலாவதின்னு."

"சாமிக்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். முன்ஜென்மப் பாவம்னாரு." பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நானும் விட்டுட்டேன். அப்பறம் நல்லம்மா அக்காவுக்குக் குடுத்த தேதியக் கேட்டேன். அக்டோபர் முப்பது. அவுங்களுக்குக் கெடு எப்ப? இருவத்திரெண்டு. எட்டு நாளு. பிச்சமுத்து அண்ணனுக்கு ஜனவரி இருவத்திரெண்டு. கெடு பதினாலு. எட்டு நாளு. நான் எக்ஸ்பைரி தேதி அடிக்கிறவ, மச்சான். என்கிட்டயேவா?"

நல்லம்மாளிடம் சொன்னோம். அனுஜா தாள்களைத் தயாராக வைத்திருக்கிறார், வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றோம். தீபாவளி பலகாரத் தட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு அவள் சொன்னது இது.

"கிராணி பொய் சொல்ல மாட்டாரு, தினேஸு. எங்கப்பாவுக்கு அரை நாள் கூலின்னு அரைப் பேரு போட்டப்பகூட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போட்டாராம். ஒனக்குக் கேஸு போன எரிச்சல்."

"அக்கா, நாளைக்கு மறுநாள் முடியுது."

"சனி பகவான் பாத்துக்குவாரு."

சனி பார்த்துக்கொள்வாரா என்று பார்ப்பதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை பெரட்டுக்குப் போனோம். எங்களிடம் இரண்டு எலுமிச்சம்பழம். இரண்டு துண்டுக் காகிதம். ஒன்றில் ராஜு என்று ஒரு பெயர். மற்றதில் தீபன் என்று ஒரு பெயர். இருவரும் பிறக்கவே இல்லை. இருவருக்கும் ஒரே நாளில் விபத்து, 2019 நவம்பர் 5. இருவருக்கும் வலது கால். ஒரே ஒரு வித்தியாசம். ராஜுவை இடித்தது கேமரன் மலையிலிருந்து வந்த காய்கறி லோரி. தீபனை இடித்தது குவாரி லோரி.

தண்டவாளம் மூன்று முறை ஒலித்தது. நூற்றிருபது பேர் முறுக்கு மெல்வதை நிறுத்தினார்கள். தொப்பி ஏறியது.

"ராஜு."

"ஐயா." நொண்டிக்கொண்டு போனேன். எந்தக் காலை நொண்டுவது என்பதில் நடுவழியில் ஒரு குழப்பம் வந்தது. சாமி கவனிக்கவில்லை. காகிதத்தைப் படித்து, எழுதிக்கொண்டு, என் முழங்காலைத் தொட்டார்.

"உள்ளுக்குள்ள எலும்பு இன்னும் கூடல. ராத்திரியில குத்துதா?"

"குத்துது ஐயா." நைட் ஷிப்டில் யாருக்குத்தான் குத்தாது.

"லோரி யாருது? காய்கறியா?" கண்ணை மூடினார். மூடிய வேகத்தில் திறந்தார். "நாளைக்கே போடு. வேற நாளு பாக்காத. தள்ளிப்போட்டா ஒனக்குத்தான் நட்டம்."

கவனித்தீர்களா. அருமையான சட்ட ஆலோசனை. எந்த லோயரும் இதைத்தான் சொல்வார். சனி, குரு, எல்லோரும் நாளைக்கு ஃப்ரீ.

அடுத்து நல்லம்மாள். தனக்குக் கொடுத்த நாளை உறுதிப்படுத்திக்கொள்ள வந்திருந்தாள்.

"முப்பதாந்தேதி வியாழன், மத்தியானம் ரெண்டு மணி. சனி வக்கிரத்துல நிக்கிறாரு. அதுக்கு முன்ன கோர்ட்டுப் படியில கால வெச்சா மறு கண்ணும் போயிரும்."

நல்லம்மாளுடைய மறு கண் தானாக மூடித் திறந்தது. நான் அதைப் பார்த்தேன். அதுவரை எனக்கு இந்த விஷயம் தமாஷாக இருந்தது.

"தீபன்."

தினேஸ்வரி போனாள். "அண்ணன் ஆஸ்பத்திரியில, ஐயா. நான் எலுமிச்சம்பழம் கொண்டாந்திருக்கேன்."

சாமி படித்தார். கண்ணை மூடினார். இந்த முறை வெகு நேரம். உதடு அசைந்தது. விரல் மடிந்தது. கிரகத்தை எண்ணுகிறவன் விரலை மடிப்பானா, வருடத்தை எண்ணுகிறவன் மடிப்பானா என்று நீங்களே சொல்லுங்கள்.

"நவம்பர் பதிமூணு. வியாழன். ரெண்டு மணி."

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"ராஜுவுக்கும் அதே நாளுதான் அடிபட்டிச்சு. அதே காலுதான். அவருக்கு நாளைக்கேன்னீங்க. எங்கண்ணனுக்கு மட்டும் ஏன் கெடு முடிஞ்சி எட்டு நாளு?"

"ராசி வேற, நட்சத்திரம் வேற."

"அவுங்க ராசிய நீங்க கேக்கவே இல்லையே ஐயா. லோரி யாருதுன்னுதான் கேட்டீங்க."

முறுக்கு மெல்லும் சத்தம் மறுபடி நின்றது. தினேஸ்வரி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. பஸ் ஸ்டாப்பில் பேசுகிற குரல்தான்.

"ராஜுன்னு ஆளே இல்ல. தீபன்னும் இல்ல. நாந்தான் எழுதுனேன். பொறக்காதவன் முழங்கால்ல எலும்பு கூடலன்னு சாமி சொல்லுறாரு. நொண்டுனாரே, இவரு எங்க ஃபெக்டரில மாவு மூட்டை தூக்குறவரு. நட மச்சான்."

நடந்தேன். நேராக. கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், திரும்பியும். என் வாழ்நாளில் என் நடையை இவ்வளவு பேர் பார்த்ததில்லை.

"காய்கறி லோரின்னா நாளைக்கு. குவாரி லோரின்னா கேஸு செத்ததுக்கு அப்பறம். சனி பகவான் நம்ம நாட்டுச் சட்டத்தப் படிச்சிருக்காரு. குவாரிக்கு எதிரா வர்ற கேஸ மட்டும் படிச்சிருக்காரு." மேசைமீது இருந்த செக்ரோலைத் திருப்பினாள். "கிராணி ஐயாவுக்குக் கார்பன் பேப்பரு எதுக்கு? காய்கறிக்காரன், பஸ்ஸுக்காரன், எல்லாருக்கும் ரெண்டாங் காப்பி இதுலயே இருக்கு. குவாரி கேஸுல மட்டும் கிழிச்சிருக்கு. நல்லம்மா அக்கா பேரு, கிழிச்சிருக்கு. பிச்சமுத்து அண்ணன், கிழிச்சிருக்கு. எம்பேரும் கிழிச்சிருக்கு. அந்தக் காப்பியெல்லாம் யாருக்குப் போவுது?"

பிச்சைமுத்து மெதுவாகக் கையைத் தூக்கினார், பெரட்டில் நிற்கிறவர் போலவே. "அவரு ஹைலக்ஸு கண்ணாடியில குவாரி கேட் பாஸு ஒட்டியிருக்குலா. நான் பாத்தேன். சாமிக்கு எல்லாக் கேட்டும் தொறக்கும்னு நெனச்சேன்."

முடிந்தது என்று நினைத்தேன். கண்ணால் பார்த்த சோதனை, கையில் புத்தகம், கண்ணாடியில் பாஸ். இதற்கு மேல் மனிதனுக்கு என்ன வேண்டும்?

நம் ஆட்களை எனக்குத் தெரியவில்லை.

"சாமிய சோதிக்கலாமா?" என்றது பாகான் செராய் வேன். "சோதிச்சா சாமி தப்பா சொல்லத்தான் செய்யும்" என்றது தைப்பிங். "அந்தப் பொண்ணுக்குப் புருசன் இல்ல, மனசு சரியில்ல" என்றது தஞ்சோங் மாலிம். யுகேந்திரனின் தொப்பி நிமிர்ந்தது. அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை மதித்தேன். தொழில் தெரிந்தவன்.

அப்போது முத்தம்மா எழுந்தாள். அவள் கண் தினேஸ்வரியிடமும் இல்லை, செக்ரோலிலும் இல்லை. கொட்டகைத் தூணில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் இருந்தது. அடுத்த வாரத்துத் தாள்களை எச்சில் தொட்டுப் புரட்டினாள்.

"யோவ். வியாழக்கெழம ரெண்டு மணி ராகு காலம்யா."

அந்தத் தாளில் விரலை வைத்து எல்லோருக்கும் காட்டினாள்.

"ஒண்ணரையிலேருந்து மூணு. இங்க போட்டிருக்கு. ராகு காலத்துலயா எங்களக் கேஸு போடச் சொன்ன?"

அவ்வளவுதான். வெடிமருந்துக்கு நெருப்பு. நூற்றிருபது பேரும் எழுந்தார்கள். பொய் சொன்னான், பொறுத்தார்கள். ஆவி என்றான், கும்பிட்டார்கள். விதவையின் வழக்கைச் சாகடித்தான், முன்ஜென்மம் என்றார்கள். ஆனால் ராகு காலத்தில் நாள் குறித்தான். மன்னிக்க முடியுமா? முதல் முறுக்கு யார் எறிந்தது என்று தெரியவில்லை. இரண்டாவது, வாளியோடு போனது.

"கிராணி மலையேறிட்டாரு, கிராணி மலையேறிட்டாரு" என்று யுகேந்திரன் அலறினார். உண்மைதான். எந்த மலைக்கென்றும் எல்லோருக்கும் தெரியும். பாதி மலையைத்தான் ஏற்கெனவே வெடிவைத்து விற்றுவிட்டார்களே. ஹைலக்ஸை நான்கு வண்டிகள் மறித்து நின்றன. தொப்பியை விட்டுவிட்டு, செம்பனைக் காட்டுக்குள் காலால் ஓடினார். நேராகத்தான் ஓடினார். எலும்பெல்லாம் கூடியிருந்தது.

வெற்றி. நான் ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் முத்தம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாலா, இவன் டூப்பு. பாகான் செராயில ஒருத்தரு இருக்காராம், ராகு எமகண்டம் எல்லாம் சுத்தமா பாத்துத்தான் நாளு குடுப்பாராம். வேனு சொல்லிட்டேன். வார புதங்கெழம போலாம்."

எடுத்த முறுக்கைத் திரும்ப வாளியிலேயே வைத்தேன்.

கூட்டம் கரைந்த பிறகும் நல்லம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். செக்ரோலில் தன் பெயர் இருந்த பக்கத்தை முகத்துக்கு நெருக்கமாக, வலப்பக்கமாகச் சாய்த்து வைத்து, கிழித்த ஓரத்தை விரலால் தடவினாள்.

"மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும்" என்றாள். பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்கு, தினேஸு?"

அனுஜாவுக்குக் காலையில் ஒரு கோர்ட், மத்தியானம் இரண்டு மணிக்கு வேறொரு ஊரில் ஒன்று. இடையில் வந்து கையெழுத்து வாங்கித் தானே பதிவு செய்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். பதினோரு மணிக்கு வரச் சொன்னார். நல்லம்மாளின் வேனில் போவது என்று முடிவானது. நான்தான் ஓட்டினேன். முதலில் கோழியை இறக்க வேண்டியிருந்தது. கோழி சம்மதிக்கவில்லை. பிறகு பேட்டரி. பிறகு ஈப்போ மழை. நல்லம்மாள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக என் கிளட்ச்சைத் திட்டிக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் தினேஸ்வரியும் பிச்சைமுத்துவும், பிச்சைமுத்து மடியில் நான்கு முட்டை. பழைய டவுனில் அனுஜாவின் ஆபீஸ் இருந்த கடைவீட்டின் மாடிப்படி ஏறியபோது மணி பன்னிரண்டு இருபது.

கதவைத் திறந்தவர் மயில்வாகனம். அந்த ஆபீசில் முப்பது வருட கிளார்க். கையில் சாவிக்கொத்து.

"நல்லம்மாளோ? லோயர்ப் பிள்ளை உள்ளுக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறா. வாங்கோ."

நல்லம்மாளின் கால் நிலைப்படிக்கு வெளியே நின்றது.

"இன்னிக்கு என்ன கெழம?" என்றாள். அவளுக்கே தெரியும். புதன்கிழமை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம்.

"அக்கா" என்றாள் தினேஸ்வரி. எட்டு நாளில் எல்லாவற்றையும் இழந்தவள் அவள். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.

"ஒண்ணரைக்கு வந்தா?" என்று கேட்டார் பிச்சைமுத்து, முட்டைகளைப் பிடித்துக்கொண்டு.

"ஒண்டரைக்குப் பிள்ளை ரோட்டில நிப்பா. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவு பூட்டுற நேரம் இது. உள்ளுக்கு வாறதெண்டா இப்ப வாங்கோ. இல்லாட்டி நாளைக்கு வாங்கோ."

"இன்னிக்கோட கெடு முடியுது" என்றேன்.

"அது எனக்கும் தெரியும், தம்பி. நான் கதவைப் பற்றித்தான் சொல்லுறன்."

நல்லம்மாள் இருக்கிற ஒரு கண்ணால் நிலைப்படியைப் பார்த்தாள். சின்ன விஷயமில்லை அது. அறுபத்தொரு வருடத்தில் ஒருநாள்கூட ராகு காலத்தில் அவள் வேனை ஸ்டார்ட் செய்ததில்லை. கண்ணில் கல் அடித்த அன்றும் ராகு காலம் முடிந்த பிறகுதான் வீட்டைவிட்டு வெளியே வந்தாளாம். நல்ல நேரத்தில். அதை அவளே இப்போது, யாரும் கேட்காமல், தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, திருட்டுத்தனமான சிரிப்பு.

"அன்னிக்கு நல்ல நேரம்லா" என்றாள். வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். தினேஸ்வரி கூடவே போனாள்.

பிச்சைமுத்து முட்டைகளோடு வெளியிலேயே நின்றார். அவருக்கு ஜனவரி வரைக்கும் டைம் இருக்கிறது. ஒன்றரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். ராகுவுக்கு ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம்தான். மிச்சம் இருபத்திரண்டரை மணி நேரம் உங்களுடையது. அதில் ஒரு ஐந்து நிமிடமாவது யோசித்துத் தொலையுங்கள்.

மயில்வாகனம் வெளியே நின்ற எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நல்லம்மாளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.